செலின் டீச்சரும் தலைகீழ்ப் புத்தகமும்

போன செவ்வாய்க்கிழமை காலையில், என் ஆட்டோவின் பின் சீட்டிலிருந்துதான் அந்தச் செய்தி எனக்கு வந்தது. ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. எதிர்ச் சுவரில் ஒரு போஸ்டர், பசைகூடக் காயவில்லை. இரண்டாம் வகுப்புப் பவித்ரா தலையை நீட்டி வாசித்தாள்.

"கண்...ணீர் அஞ்...சலி. எங்கள் அன்பு ஆசிரியை செலின்..." அதோடு நிறுத்திவிட்டு, "மாமா, நம்ம பெரிய டீச்சர் படம் போட்டிருக்கு" என்றாள்.

கேட் திறந்தது. பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன் அடித்தன. எனக்குக் கிளட்சைப் பிடிக்கக் கை வரவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்காத வாசகத்தை அந்தப் பிள்ளை ஒரு எழுத்துத் தப்பாமல் வாசித்தது. டீச்சர் கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்கள்.

சர்ச் நடத்துவதால் வேதக்கோயில் பள்ளிக்கூடம் என்று நம் சனம் சொல்லும் அந்த ஓட்டுக் கட்டடத்தில் செலின் டீச்சர் தலைமை ஆசிரியையாக இருந்தார்கள். ஐந்து வகுப்பு, மூன்று டீச்சர். நான் அங்கே பிள்ளைகளை ஏற்றி இறக்கும் முருகேசன். மூன்றாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டு ஓடிவிட்டது; நான் ஓடவில்லை.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றை இன்று ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தை மூட வைக்கப் பார்த்தது என் வாய்தான்.

வீட்டு வாசலுக்கே வேன் அனுப்பும் இங்கிலீஷ் பள்ளிகளுக்குப் பாதிப் பிள்ளைகள் போய்விட்ட நேரம். இதைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாமா என்று பார்க்க, தாளாளர் ஃபாதர் வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வகுப்பு வாசித்தது. அடேயப்பா, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி! ஃபாதர் முகம் மலர்ந்தது. ஜன்னலில் நின்ற எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏலே ஆரோக்கியம், புத்தகம் தலைகீழா இருக்குடா! எழுத்தெல்லாம் சிரசாசனம் பண்ணுதா?"

வகுப்பே சிரித்தது. ஆரோக்கியம் புத்தகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஒரு சொல் பிசகாமல் தொடர்ந்தான். ஃபாதருக்கு விளங்கிவிட்டது. நடத்தாத பக்கம் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். அவன் முழித்தான். அடுத்தவன் முழித்தான். வகுப்பே முழித்தது. அத்தனையும் மனப்பாடம்!

"என்ன டீச்சர், இம்புட்டுத்தானா?"

வேறு ஆளாக இருந்தால் பிள்ளை மேலோ, வீட்டார் மேலோ பழி போட்டிருப்பார்கள். டீச்சர், "இம்புட்டுத்தான் ஃபாதர். எனக்கே இப்பத்தான் தெரியும். ஒரு வருசம் குடுங்க. சரி வரலைன்னா நானே பூட்டிச் சாவியத் தாரேன்" என்றார்கள்.

மறுநாள் மாலை டீச்சர் என் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்கள். கையில் ஒரு தாளும் பசை டப்பாவும்.

"மன்னிச்சிருங்க டீச்சர். அந்தப் பசையக் குடுங்க, வாய ஒட்டிக்கிடுறேன்."

"ஒட்டிராதப்பா, அந்த வாய்தான் எனக்கு வேணும். நான் வாசிச்சுக் காட்டிக் காட்டியே பிள்ளைகளக் கெடுத்துட்டேன். நான் முதல்ல வாசிச்சா அது என் வாசிப்பு. அவுகளுக்கு வெறும் பாட்டு. இனிமே முன்னப்பின்ன பாக்காததத்தான் வாசிக்கணும். வண்டியில நீ கேளு. உனக்கு விளங்குச்சுன்னா பாஸு."

"நான் மூணாப்பு வரைதான் டீச்சர். அதுலயும் பாதி நாள் மரத்தடியில."

"அதான் நல்லது. நீ அடியெடுத்துக் குடுக்க மாட்ட."

என் சீட்டின் முதுகில், பிள்ளைகள் பார்க்கும்படி, தாளை ஒட்டினார்கள். திங்கட்கிழமை தோறும் புதுத் தாள். ஒரே ஒரு சட்டம்: "மனப்பாடம் ஆனதைக் கிழிச்சிரு." வகுப்புச் சுவரிலும் கல்யாணப் பத்திரிகை, விதைப் பாக்கெட்டு, மருந்து அட்டை என்று கிடைத்ததெல்லாம் ஏறியது. மற்ற இரண்டு டீச்சர்களும் பழைய வழக்கத்தில் முந்திக்கொண்டு வாசித்துவிட்டு நாக்கைக் கடிப்பார்கள்.

பிறகு என் காது பட்ட பாடு! பஸ் போர்டு, கடைப் போர்டு, லாரியின் பின்புறம் எதையும் விடுவதில்லை. ஒருநாள் பள்ளி வாசலில் ஒரு குட்டிப் பெண் என் வண்டியின் முதுகையே வாசித்துவிட்டாள். "பிர...சவத்துக்கு இலவசம். மாமா, பிரசவம்னா என்ன?" நான் டீச்சரைப் பார்த்தேன். "பிள்ளை வாசிச்சிருச்சுல்ல? எழுதி வச்சவன் பதில் சொல்லு" என்று உள்ளே போய்விட்டார்கள்.

வருசம் முடிந்தது. ஃபாதர் வந்தார். ஆரோக்கியத்தைத்தான் கூப்பிட்டார். பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து, வேண்டுமென்றே தலைகீழாக நீட்டினார்.

"ஃபாதர், தலைகீழாக் குடுக்குறீங்க" என்றான் ஆரோக்கியம். திருப்பினான். "நாளை காலை ஒன்பது மணி முதல் மின்சாரம் இருக்காது." தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "காலைலயே மோட்டார் போட்டுத் தொட்டிய நெப்பிக்கிடுங்க ஃபாதர்" என்றான்.

ஃபாதர் சிரித்த சிரிப்பில் ஓட்டிலிருந்து புறா பறந்தது. சாவி டீச்சரிடமே இருந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி, "என்ன முருகேசு, இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையா?" என்றார்கள். நான் ஓடிப்போய் வண்டி ஹாரனை விடாமல் அடித்தேன். இப்போது ஆட்டோவில் இடம் போதாமல் இரண்டு நடை அடிக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் திங்கட்கிழமைத் தாள் நிற்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒட்டியதுதான் கடைசி. அதற்குப் பிறகு உடம்புக்கு முடியாமல் மதுரைக்குத் தங்கை வீட்டுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அந்தத் தாளில் இருந்தது இது: "முருகேசு மாமா ஆட்டோவுக்கு ஹாரன் எதற்கு? அவர் வாய் இருக்கிறதே!"

அடக்கம் முடிந்த மறுநாள் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "மாமா, இது எங்களுக்கு மனப்பாடம் ஆகிருச்சு. கிழிச்சிருங்க."

"எனக்கு இன்னும் ஆகலப்பு" என்றேன். மெல்ல உரித்தெடுத்து, வண்டியின் ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். டீச்சர் சட்டத்தை மீறி நான் வைத்திருப்பது அது ஒன்றுதான்.

சட்டப்படி செய்ததும் ஒன்று உண்டு. வீட்டில் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, புதுத் தாளை நானே எழுதி ஒட்டினேன்: "நம் பள்ளிகூடம் திறந்திருக்கிறது." பவித்ரா ஒருமுறை வாசித்தாள். கண்ணை இடுக்கிக்கொண்டு மறுபடி வாசித்தாள்.

"மாமா, ஒரு 'க்' விட்டுட்டீங்க!"

பேனாவைக் கொடுத்தேன். ஓடும் வண்டியில், 'ளி'க்கும் 'கூ'வுக்கும் நடுவில் இடம் பார்த்து நுழைத்தாள். அந்தத் தாளிலேயே அந்த ஒரு எழுத்துத்தான் நேராக நிற்கிறது. திங்கட்கிழமை அதையும் கிழிக்க வேண்டும்.