உரிமம் உள்ளவள், உரிமம் இல்லாதவர்

என் கணவர் யோகா சொல்லிக்கொடுப்பவர். நான் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். இரண்டுமே ஆட்களை மடக்கி நீட்டுகிற வேலைதான் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் சொல்லிச் சிரிப்பார். ஆனால் நான் ஒருவருடைய முழங்காலைத் தொடவேண்டுமென்றால் அதற்குப் படித்திருக்க வேண்டும், பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். அவருக்கு ஒரு பாயும் நாலு சுவரும் போதும்.

அந்த நாலு சுவர் எங்கள் ஊரான குளுவாங்கின் கடைவீதியில், ஒரு முடிவெட்டும் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. அவர் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டு, லீவு நாளுக்கு வீடு வருவார். இளவயதிலிருந்து யோகா அவரை விட்டுப் போனதில்லை. அங்கே உடன் தங்கியிருந்தவர்களுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் இவரிடம்தான் வருவார்களாம். தொழிற்சாலை வேறு நாட்டுக்கு மாறிப் போனதும் ஊருக்கே வந்துவிட்டார். தெரிந்தவர்கள் கேட்டார்கள், தொடங்கினார். கீழே ஹேர் டிரையர் சத்தமும் சீனப் பாட்டும் ஓடிக்கொண்டிருக்க, மேலே இவர் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். எப்படியோ அது நடந்தது. ஆட்களும் சேர்ந்தார்கள்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்கு என்று ஒரு சண்டை உண்டு. பெரும்பாலும் நான்தான் ஆரம்பிப்பேன்.

"கீழ முடி வெட்றாங்களே, அவங்களுக்கு லைசென்ஸ் இருக்கு. மேல நீங்க ஆளத் தலகீழா நிக்க வைக்கிறீங்க. அதுக்கு ஒன்னும் வேணாமா?"

"விட்டா மூச்சு விடுறதுக்கும் லைசென்ஸ் கேப்ப போல."

"மூச்சு விடுறதுக்கு வேணாம். மத்தவங்கள மூச்ச அடக்கச் சொல்றதுக்கு வேணும்."

"சரிம்மா, யாரு குடுப்பா? சுகாதாரத்துல குடுத்தா இத மருந்தும்பாங்க. விளையாட்டுத் துறையில குடுத்தா போட்டி வச்சு கோப்பை குடுப்பாங்க. கலாசாரத்துல குடுத்தா மேடை ஏத்தி ஆட விட்ருவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டால் அன்றைக்கு நான் தோற்றதாகக் கணக்கு. ஆனால் அவருக்குள்ளே ஒரு உண்மையான கவலையும் இருந்தது. சிம்பாங் ரெங்கம் பக்கம் கோயில் மண்டபத்தில் ஒரு பெண்மணி, தையல் வேலை பார்ப்பவர், பல வருடமாகத் தோட்டத்துப் பெண்களுக்கு யோகா சொல்லிக்கொடுக்கிறார். சட்டம் என்று ஒன்று வந்தால் அவர் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதுவாரா, இல்லை விட்டுவிடுவாரா என்று கேட்பார். "அவங்க விட்டா அந்தப் பொம்பளைங்க வேற எங்கயும் போக மாட்டாங்க. வீட்லயே உக்காந்துருவாங்க." என்பார்.

ஒருநாள் என்னிடம் சிகிச்சைக்கு ஒரு பெண் வந்தார். உட்காரவே முடியவில்லை. யோகா வகுப்பில் நடந்தது, எந்த ஊர் வகுப்பு என்று சொல்ல வேண்டாம். குனிந்து காலைத் தொடும்போது ஆசிரியர் முதுகில் கை வைத்து அழுத்தியிருக்கிறார். தொடைக்குப் பின்னாலிருந்து எலும்பில் போய் ஒட்டுகிற தசைநார் கிழிந்துவிட்டது. அந்த ஆசிரியர் படித்தவர்தான், சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார் என்றும் அந்தப் பெண்ணே சொன்னார்.

ஆளும் ஊரும் சொல்லாமல் இதை வீட்டில் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாத்தியா, அவருகிட்ட பேப்பர் இருந்திச்சுல்ல" என்றார்.

"பேப்பர் இருந்திச்சு. ஆனா அந்தப் பொண்ணு யாருகிட்ட போயி சொல்லும்? நான் ஒருத்தரு கால ஒடச்சா என் மேல புகார் குடுக்க ஒரு எடம் இருக்கு. என்னயக் கூப்ட்டு விசாரிப்பாங்க, வேலைய விட்டே நிப்பாட்டுவாங்க. லைசென்ஸுன்னா அதாங்க. நமக்குத் தெரியும்னு காட்டுறதுக்கு இல்ல. தப்பு செஞ்சா பறிக்கறதுக்கு ஒன்னு இருக்கணும்."

ரசம் போதும் என்று அவர் கையைக் காட்டினார்.

அதற்குப் பிறகுதான் ஆன்ட்டி விஷயம் நடந்தது. ஆன்ட்டி என்று ஊரே கூப்பிடும் அந்தச் சீன அம்மாள் பாசாரில், அதாவது சந்தையில், காய்கறிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா தமிழர்கள் வேலை பார்த்த தோட்டத்தில் மளிகைக் கடை நடத்தியவர் என்பதால் தமிழ் நம்மைப் போலவே பேசுவார். என் கணவரின் வகுப்பில் ஆரம்பத்திலிருந்து இருப்பவர். முதல் வரிசை அவருடைய இடம். கால் இரண்டையும் தூக்கித் தலைக்குப் பின்னால் தரையைத் தொடுகிற கலப்பை ஆசனத்தை இளசுகளைவிட நன்றாகச் செய்வார். அதில் அவருக்குப் பெருமையோ பெருமை.

முதுகுவலி என்று டாக்டர் அவரை எங்கள் பிரிவுக்கு அனுப்பியிருந்தார். பரிசோதனை முடிவைப் பார்த்தேன். எலும்பு மிகவும் தேய்ந்து லேசாகிப் போயிருந்தது. முதுகை வளைத்துக் குனிவது, உருளுவது, அந்தக் கலப்பை ஆசனம், எதுவும் ஆகாது. ஒரு முறை தவறினாலே முதுகெலும்பு நொறுங்கலாம் என்று பொறுமையாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எழுந்து போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லாதீங்கலா. சொன்னா அவரு என்னய ஓரமா உக்கார வச்சிருவாரு. நான் பாத்து பைய செஞ்சிக்கிறேன்."

பைய செய்கிற ஆள் இல்லை அவர். ஆனால் ஒரு நோயாளியின் உடம்பைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் நான் யாரிடமும் பேசக்கூடாது. அதற்குக் கணவர் என்று விதிவிலக்கு கிடையாது. எந்த உரிமத்தைப் பற்றி வீட்டில் இத்தனை நாள் உயர்வாகப் பேசினேனோ, அதுவே என் வாயைக் கட்டியது.

அன்று சாப்பிடும்போது பொதுவாகச் சொல்வதுபோல ஆரம்பித்தேன். "வயசானவங்களுக்கு அந்தக் கலப்பைய வைக்காதீங்க. எலும்பு யாருக்கு எப்படி இருக்குன்னு தெரியாது."

"நீ வாரா வாரம் இதத்தானம்மா சொல்ற" என்று சிரித்துவிட்டு அவர் பப்படத்தை உடைத்தார். அவர் சொன்னதும் சரிதான். நான் அதைச் சண்டையாகவே சொல்லிச் சொல்லி, இப்போது எச்சரிக்கையாகச் சொன்னபோது அவர் காதில் அதுவும் பழைய சண்டையாகத்தான் விழுந்தது.

அடுத்த வகுப்புக்கு நானும் கிளம்பினேன். அவர் கூப்பிட்டபோதெல்லாம் சாக்குச் சொன்னவள் தானாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடியேறியதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எல்லோருக்கும் என்னை அறிமுகப்படுத்தினார். நான் நேராகப் போய் ஆன்ட்டிக்குப் பக்கத்தில் விரித்தேன். ஆன்ட்டி என்னைப் பார்த்தார், பிறகு மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

என் கணவர் சொல்லிக்கொடுப்பதை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். குரலை உயர்த்தவே இல்லை. யாரையும் தொட்டு அழுத்தவும் இல்லை. தோள் இறுகிப்போன ஒருவரிடம் குனிந்து ஏதோ சொன்னார், அவர் சிரித்தபோது தோள் தானாக இறங்கியது. வீட்டில் ரிமோட்டைத் தேடி அலைகிற மனுஷனா இது என்றிருந்தது. கொஞ்ச நேரம் நான் வந்த காரியத்தையே மறந்துவிட்டேன்.

"இப்ப கலப்பை. அவசரம் வேணாம்" என்று அவர் சொன்னதும் பக்கத்தில் ஆன்ட்டி மல்லாந்து படுத்து உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றினார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். "மாஸ்டர், எனக்கு எலும்பு தேஞ்சிருக்கு. நான் இதச் செய்யலாமா?"

அவர் என்னையே பார்த்தார். என் எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். போன மாதம்தான் நான் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்ததைப் பார்த்திருக்கிறார். மாஸ்டர் என்று நான் கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு எந்தக் கேள்வியும் கேட்காமல் எல்லோர் பக்கமும் திரும்பினார்.

"நல்ல வேள கேட்டீங்க. எலும்பு தேஞ்சவங்க இதச் செய்யக்கூடாது. அவங்களுக்கு நான் வேற சொல்லித்தர்றேன். நம்மள்ல வேற யாருக்கும் அப்படி இருக்கா? இருந்தா சொல்லிருங்க. இதுல வெக்கம் ஒன்னுமில்ல."

கீழே டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஆன்ட்டி பக்கம் திரும்பவில்லை. கொஞ்சம் கழித்துப் பக்கத்துப் பாயிலிருந்து குரல் வந்தது.

"எனக்கும்லா, மாஸ்டர்."

அவர் போய் இரண்டு நாற்காலி எடுத்து வந்தார். ஒன்று ஆன்ட்டிக்கு, ஒன்று எனக்கு. முதல் வரிசையிலேயே போட்டார், ஓரத்தில் இல்லை. வகுப்பு முடியும்வரை நல்ல எலும்போடு நானும் நாற்காலி யோகா செய்தேன். படியிறங்கும்போது ஆன்ட்டி என் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினார். வலித்தது. மறுநாள் பாசாரில் ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கூடையில் போட்டுவிட்டார், எலும்புக்கு நல்லது என்று.

வகுப்பு முடிந்த அன்று காரில் வரும்போது என் கணவர் கேட்டார். "உனக்கு எப்ப எலும்பு தேஞ்சிச்சு?"

"அதச் சொல்ல முடியாதுங்க."

சிக்னலில் நின்றபோது மெதுவாகச் சிரித்தார். "அப்ப லைசென்ஸ் வச்சிருந்தா தெரிஞ்சதையும் சொல்ல முடியாது, இல்ல?"

"சொல்ல முடியாது. ஆனா கேக்கலாம். நீங்க இத்தன வருசமா அவங்கள ஒரு வார்த்த கேக்கலயே."

இதற்கு அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "கேக்கணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலம்மா" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார். அந்தக் குரல் எனக்குப் பொறுக்கவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது புதிதாக யார் வந்தாலும் முதலில் தனியாக உட்கார வைத்துப் பேசுகிறார். வார இறுதியில் ஜொகூர் பாருவுக்குப் போய் ஒரு பயிற்சியிலும் சேர்ந்திருக்கிறார். பாதி வகுப்பு வீண், உடற்கூறு மட்டும் நல்லா இருக்கு என்கிறார். தையல்காரப் பெண்மணியையும் கூட்டிப்போகப் பார்க்கிறார். அவருக்காகப் பாடத்தைத் தமிழில் சொல்லிக்காட்டிப் பழகுகிறார். எங்கள் சண்டை தீரவில்லை. உரிமம் வரட்டும், ஆனால் தமிழிலும் பரீட்சை வேண்டும், பழைய ஆட்களுக்கு அவகாசம் வேண்டும் என்பது இப்போது அவர் கட்சி. உரிமம் உடனே வரட்டும், அதற்கெல்லாம் காத்திருக்க முடியாது என்பது என் கட்சி. எது எப்போது வரும், வருமா என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

நேற்று சாப்பிட்ட பிறகு என்னைத் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகெலும்பைக் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். பாதியில் ஒன்றைத் தாண்டிவிட்டார். திருத்தியிருக்கலாம். நாள் முழுக்க ஊரார் முதுகைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அந்த விரல்கள் இதமாக இருந்தன. இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லுங்கள் என்றேன்.