என்னைத் திட்டிக்கொண்டிருந்த ஆள்

சண்டை போட ஆளில்லாத வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கண்டக்டர் வேலை பார்த்தவனைக் கேட்டால் சொல்வான். சித்தூரில் அரசு பஸ்ஸில் நான் விசில் ஊதிய காலம் முழுக்க, விடிந்தால் சண்டைதான். சில்லறை இல்லை என்பான் ஒருவன், ஸ்டாப்பிங்கைத் தாண்டி நிறுத்திட்டே என்பாள் ஒருத்தி. வீட்டுக்கு வந்தால் மனைவி. அவள் போடும் சண்டைக்கு டிக்கெட்டே கிடையாது. நான் ரிட்டயரான மறு வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். மகள் பெங்களூரில் வேலை, குடும்பம் என்று இருக்கிறாள். வீட்டில் நானும் டிவியும் மிச்சம். டிவி பேசும், நாம் திருப்பிச் சொன்னால் கேட்காது.

கார்வேட்டிநகரம் பக்கம் எனக்குக் கொஞ்சம் மாந்தோப்பு உண்டு. எல்லாம் தோத்தாபுரி ரகம். மாம்பழக் கூழ் எடுக்கிற ஃபாக்டரிக்காரன் வாங்கினால் உண்டு, இல்லாவிட்டால் குப்பை. அந்த வருஷம் காய்ப்பு அமோகம், விலை பாதாளம். ஃபாக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. கேட் திறக்கிற வழியைக் காணோம். வெயிலில் பழம் வெடித்துச் சாறு ரோட்டில் ஒழுகியது. எங்கள் பக்கத்துக் கட்சித் தலைவர் வந்து பேசித் தீர்த்து வைப்பார் என்று காலையில் சொன்னார்கள், மத்தியானமும் சொன்னார்கள். அவர் வரவில்லை, ஈதான் வந்தது. எனக்கு வந்த கடுப்பில் டிராக்டர் மேல் ஏறி நின்று பாட ஆரம்பித்துவிட்டேன்.

கேட்டுக்கு உள்ள குளுகுளு ரூமு
கேட்டுக்கு வெளிய கொழகொழ மாங்கா
வா நைனா, வா தலைவா, வாயத் தொற
அழுவின பழத்த ஊட்டி வுடறோம்.

பெரிய பாட்டு ஒன்றுமில்லை. நின்ற இடத்தில் கட்டியது. ஆனால் ஊர்ப் பெயர்களைக் கத்திக் கத்திக் காய்த்துப்போன தொண்டை எனக்கு. வரிசையின் கடைசி டிராக்டர் வரை கேட்டதாம். கடைசி இரண்டு அடிக்கு மொத்தக் கூட்டமும் சேர்ந்து பாடியது. தமிழ் தெரியாத தெலுங்குக்காரர்களும் வாயைத் திறந்து காட்டி ஊட்டுவதுபோல் கையை ஆட்டினார்கள். பக்கத்து டிராக்டர்காரர் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். பேரனின் படங்களைப் பார்ப்பதற்காக மகள் எனக்கு நெட்டில் ஒரு பக்கம் திறந்து கொடுத்திருந்தாள். அதில் போட்டேன்.

போட்டது பாட்டு. வந்தது ஊர். குடுபல்லியிலிருந்து ஒருவர், குவைத்தில் லாரி ஓட்டுகிற ஒருவர், நகரியிலிருந்து தறிக்காரர்கள், 'எங்க கதையையும் பாடுங்க' என்று. நான் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். எழுத்துக்களைத் தேடித் தேடி அமுக்குவதற்குள் விரல் நோகும். அது ஒரு சுகமான நோவு.

அவர்கள் மெல்லக் குறைந்தார்கள். குறையாத ஆள் ஒருவன். படத்துக்குப் பதிலாகக் காளை மாட்டு முகம் வைத்திருந்தான். தலைவரின் கட்சிக்காரன். தினமும் காலையில் வந்து திட்டிவிட்டுப் போவான். 'டேய் கெழவா, உனக்கு யாரு துட்டு குடுத்தது?' என்று ஆரம்பித்தான். நான் விடுவேனா? 'உங்க தலைவரு குடுக்கல, அது மட்டும் நிச்சயம்' என்று எழுதினேன். மறுநாள் என் தொண்டையைத் திட்டினான். அதற்கு மறுநாள் என் தோப்பை. ஒரு நாள் வராவிட்டால் நானே போய், 'இன்னா காளை, உடம்பு சரியில்லையா?' என்று கிண்டினேன். 'பாகாலா ஸ்டேஷன் எதிர்ல பஞ்சர் கடை வச்சிருக்கேன், தைரியம் இருந்தா வாடா கெழவா' என்று சவால் விட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் அவன் என்ன எழுதியிருக்கிறான் என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. என் மனைவி இருந்தவரை நான் எழுந்ததும் கேட்டது வசவுதான். அந்த இடத்துக்கு இவன் வந்து சேர்ந்தான்.

ஒரு நாள் காலையில் பாட்டு இல்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். வன்முறையைத் தூண்டுவதாகவும் ஒரு தனிநபரை மிரட்டுவதாகவும் இருப்பதால் நீக்கியிருக்கிறோம் என்று எழுதியிருந்தது. மாம்பழத்தை ஊட்டுவது வன்முறையாம். மேல்முறையீடு செய்ய ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். அது எங்க ஊர்க் கேலி, கல்யாணத்தில் சம்பந்திக்கே ஊட்டுவோம் என்று எழுதி அனுப்பிவிட்டு டீ போடப் போனேன். பால் பொங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை என்று. எந்த மனுஷன் அவ்வளவு சீக்கிரம் பரிசீலிப்பான்?

மகள் போனில் சொன்னாள்: "நைனா, அந்த ஊட்டறோம்ன்ற லைனை மட்டும் கட் பண்ணிட்டுத் திரும்பப் போடு. வுட மாட்டேன்னு ஏன் அடம் புடிக்கிற?"

அவளே வெட்டிப் போட்டும் கொடுத்தாள். ஒருவரும் வரவில்லை. கடைசி பஸ் மாதிரி காலியாக நின்றது. காளையும் வரவில்லை. பாட்டு என் போனில் பத்திரமாக இருந்தது, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். எனக்குப் போனது பாட்டு இல்லை, பேச்சுத்துணை. அதைச் சொல்லி அழ எந்தப் பெட்டியும் இல்லை.

பாட்டை எடுத்த சேதி உள்ளூர் பேப்பரில் ஒரு மூலையில் வந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திருப்பதியில் கருத்துச் சுதந்திரக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்தார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மேடையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தினார்கள். ஒரு வக்கீல் தெலுங்கில் பேசினார்: கம்பெனிக்காரன் அவன் வீட்டுச் சுவரில் எதை வைத்துக்கொள்வது என்று அவன்தான் முடிவு செய்வான், சட்டம் அவன் பக்கம். இன்னொருவர் எழுந்து, ஊரே கூடுகிற இடத்தை ஒருத்தன் வீட்டுச் சுவர் என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் பேசினாள். தேர்தல் சமயத்தில் அவள் பெயரைச் சேர்த்து அசிங்கமாக ஒரு பாட்டுப் போட்டார்களாம், எடுக்கச் சொல்லிக் கெஞ்சியும் ஒருவரும் எடுக்கவில்லையாம். "அதுவும் சுதந்திரமா?" என்றாள்.

அவள் மேல் கட்டிய பாட்டை விட்டுவிட்டு என் பாட்டை எடுத்தவர்கள் எதை வைத்துத்தான் எடை போடுகிறார்களோ. அவளிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் நன்றியுரை வந்துவிட்டது. பாட்டைப் பற்றி அவ்வளவு பேர் பேசினார்கள், அதைப் பாடு என்று ஒருவர் சொல்லவில்லை. நானே அமைப்பாளரிடம் கேட்டேன். "டைம் லேதண்டி" என்றார், நேரமில்லையாம்.

சாயங்கால பாசஞ்சரில் சித்தூருக்குத் திரும்பினேன். பாகாலாவில் வண்டி நின்றது. எனக்கே தெரியாமல் இறங்கிவிட்டேன் என்று சொன்னால் பொய். திருப்பதியில் ஏறும்போதே இறங்குவதாகத்தான் இருந்தேன். தைரியம் இருந்தால் வா என்றவன்தானே.

ஸ்டேஷன் எதிரில் பஞ்சர் கடை ஒன்றுதான் இருந்தது. காற்றடிக்கிற கம்ப்ரசர் மேல் காளை மாட்டு ஸ்டிக்கர். நாற்பது வயது ஆள், ஒல்லி, டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். காளையைக் காணோம், கன்றுக்குட்டிதான் இருந்தது.

"இன்னா பெரியவரே, வண்டி எங்க நிக்குது?"

"வண்டி இல்ல. நான்தான் கெழவன். மாங்கா பாட்டு."

டியூபைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டான். ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். ஒரு ஸ்டூலைத் துடைத்து உள்ளே போட்டு, "குந்துங்க" என்றான்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "நீதான் ரிப்போர்ட் அடிச்சியா?"

"கட்சி குரூப்ல சொன்னாங்க. எல்லாரும் அமுக்கணும், அமுக்கினதப் படம் எடுத்துப் போடணும்னு. போடாதவன் பேரச் சொல்லி ஏன்னு கேப்பாங்க." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "அமுக்கிட்டேன். மறுநாள் கடைய தொறந்துட்டு உங்களத் திட்டலாம்னு பாக்கறேன், ஆளக் காணோம். அன்னிக்கு வேலையே ஓடல பெரியவரே."

"திரும்பப் போட்டேனே. ஏன் வரல?"

"பாத்தேன். ஊட்டறது இல்லாம அதுல இன்னா இருக்குது? எதத் திட்டறது?"

அன்று காலையிலிருந்து அவ்வளவு படித்தவர்கள் பேசினார்கள். அந்த வரி வேண்டும் என்று சொன்னவன் இவன் ஒருவன்தான், அதை அமுக்கியவனும் இவன்தான். இவனைக் கட்டிக்கொள்வதா, அறைவதா என்று எனக்கு விளங்கவில்லை.

"முழுசா ஒரு தபா பாடுங்க. நேர்ல கேட்டதில்ல" என்றான்.

நான் செருமிக்கொண்டு எழுந்து நின்றேன். 'கேட்டுக்கு உள்ள' என்று எடுத்ததும் அவன் முகம் மாறியது. "மெதுவா, மெதுவா" என்றான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் கட்சித் துண்டு போட்ட இருவர் நின்றிருந்தார்கள். அவன் ஷட்டரைப் பாதி இறக்கினான். அதுவும் போதாமல் கம்ப்ரசரைப் போட்டான். கடையே அதிர்ந்தது. "இப்ப பாடுங்க" என்று கையைக் காட்டினான்.

பாடினேன். டிராக்டர் வரிசை முழுக்கக் கேட்ட குரல் அந்த இரைச்சலில் என் காதுக்கே எட்டவில்லை. அவனுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. கடைசி அடி வந்தபோது அவன் உதடும் அசைந்தது. கையைக் கொஞ்சமாகத் தூக்கி ஊட்டுவதுபோல் ஆட்டினான். உடனே இறக்கிக்கொண்டான்.

கம்ப்ரசரை அணைத்தான். நான் காத்திருந்தேன். வரட்டும், கெழவா என்று ஆரம்பிக்கட்டும், என் தொண்டையை, தோப்பை, எதையாவது ஒன்றை இழுக்கட்டும் என்று நின்றேன். அவன் டியூபை எடுத்து மறுபடி தண்ணீரில் முக்கினான். நம்பர் கேட்கலாமா என்று போனை எடுத்தேன். அதைக் கண்டதும் அவன் பார்வை டீக்கடைப் பக்கம் போய்த் திரும்பியது. போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஷட்டரை ஒரு கையால் தூக்கிப் பிடித்து எனக்கு வழி விட்டான்.

"பாத்து போங்க சார்" என்றான்.