அஞ்சலை அக்கா கொடுக்காத பேட்டரி

1. சுவிட்சைத் தட்டினேன்

தீபாவளியன்று பகல் இரண்டு மணி. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் நாற்பது வீடு, நாற்பதுக்கும் என் கேபிள் போகிறது. இரண்டரைக்கு டிவியில் தமிழ்ப் படம். பக்கத்து எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் பெருமாளும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். என் வேலை அன்றைக்கு அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அவர்கள் எஸ்டேட்டும் எனக்குத்தான். முதல் வீட்டில் அவர்களை உட்கார வைத்து, "இப்ப பாருங்க" என்று சுவிட்சைத் தட்டினேன்.

டிவி அசையவில்லை.

"என்னண்ணே, படம் காட்டுறேன்னு கூப்பிட்டீங்க. பொட்டியத்தான் காட்டுறீங்க" என்றார் பெருமாள்.

வயரை ஆட்டினேன், பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன், டிவியின் தலையில் இரண்டு போட்டேன். முறுக்குத் தட்டோடு வந்த அந்த வீட்டுக்காரப் பெண் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அண்ணே, கரண்டு ஆறு மணிக்குத்தானே வரும்?"

கம்பெனி தொடங்கப் போகிறேன், பாடம் சொல்லுங்கள் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். நான் முதலில் சொல்வது இந்தப் பகல் இரண்டு மணிக் கதையைத்தான்.

2. எப்படி அங்கே போய் நின்றேன்

நான் எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் படித்தவர்களுக்குத்தான் நான் பிறகு சம்பளம் கொடுத்தேன். ஈப்போவில் ஒரு ரேடியோக் கடையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்து, கண்ணால் பார்த்தே சால்டரிங் கற்றுக்கொண்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில் என் சொந்தத் தொழில், பேட்டரி சார்ஜ். எஸ்டேட்டில் கரண்டு எஞ்சின் ஓடும் நேரம் மட்டும்தான் மின்சாரம். மற்ற நேரத்தில் சின்ன டிவியைக் கார் பேட்டரியில் ஓட்டுவார்கள். வேன் எடுத்துக்கொண்டு வாரம் ஒரு தடவை போய், காலி பேட்டரியை வாங்கி, சார்ஜ் ஏற்றியதைக் கொடுப்பேன்.

அந்த வாடிக்கையாளர்களை மேய்த்ததற்கே எனக்குப் பட்டம் கொடுக்க வேண்டும். ஒருவர் பேட்டரிக்குக் கால்வாய்த் தண்ணீர் ஊற்றுவார். இன்னொருவர் அதை ஸ்டூலாகப் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டு, "ஏன் வீக்கா இருக்கு?" என்று என்னையே கேட்பார்.

வெறுத்துப்போய்த்தான் அடுத்த யோசனைக்குப் போனேன். இந்த லயத்துக்கும் ஒளிபரப்புக் கோபுரத்துக்கும் நடுவில் சுண்ணாம்பு மலை. வீட்டுக்கு வீடு மூங்கில் கம்பத்தில் ஏரியல் கட்டியும் படம் முழுக்க மழை பெய்யும். குன்றின் உச்சியில் ஒரே பெரிய ஏரியல், பக்கத்தில் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் பெட்டி, அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் கேபிள். அந்த வட்டாரத்தில் எவனுக்கும் இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

என் மச்சான் மாணிக்கம் குன்றில் கம்பம் நட்டான். லயத்திலிருந்து பூஸ்டருக்குக் கரண்டு வயர் இழுத்தோம். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் வேலை முடிந்தது. நாலு நாளும் டெஸ்ட் செய்தோம். எப்போது? ஆட்கள் ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டி, பால் எடுத்து, குளித்துவிட்டு வீட்டில் இருக்கும் நேரத்தில். அதாவது ஆறு மணிக்கு மேல். படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. உடனே நான் ஒரு உத்தரவு போட்டேன்: "இனிமே மூங்கிலும் வேணாம், பேட்டரியும் வேணாம். எல்லாத்தையும் கழட்டுங்க."

கழட்டினார்கள். பேட்டரிகளை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் ஈப்போவில் பழைய இரும்புக் கடைத் தவுக்கேயிடம் தள்ளிவிட்டேன்.

ஒரே ஒரு ஆள் மட்டும் கொடுக்கவில்லை. ஆறாம் நம்பர் வீட்டு அஞ்சலை அக்கா. பால்மரம் வெட்டுபவர். வாயைத் திறந்தால் கேள்விதான்.

"தம்பி, பகல்ல எப்படி ஓடும்?"

"அக்கா, அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம். நான் பாத்துக்கிறேன்."

"அப்ப நீ பாத்துக்க. பேட்டரிய நான் பாத்துக்கிறேன்."

3. எஞ்சின் வீட்டுச் சாவி

எஞ்சின் ஓட்டுபவரைத் தேடி ஓடினேன். புது வேட்டியில் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"எஞ்சினைப் போடுங்கண்ணே."

"சாவி ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணிகிட்ட இருக்கு."

"கிராணி எங்கே?"

"தைப்பிங்ல மாமியார் வூட்டுக்குப் போய்ட்டாரு."

"மேனேஜர் துரை?"

"அவரு பினாங்குலா."

"பூட்டை ஒடைங்க, நான் சொல்றேன்."

"நீங்க சொல்வீங்க. நாளைக்கு வேல போனா, உங்க ஏரியல்ல ஏறி உக்காந்துக்கவா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் லயத்து நடுவில் நின்று சத்தம் போட்டேன். "நாற்பது வீட்டுல ஒருத்தருக்குக்கூட சொல்லத் தோணலியா?"

ஒரு வீட்டு வாசலிலிருந்து பதில் வந்தது. "நீங்க பெரிய ஆளு, தொரகிட்ட பேசி இருப்பீங்கன்னு நெனச்சோம்ணே. எல்லாம் நான் பாத்துக்கிறேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

எனக்கு இன்றுவரை எரிச்சல் அவர்கள்மேல் இல்லை. நான் அதே மாதிரி ஒரு லயத்தில்தான் பிறந்தேன். ஆறு மணிக்கு எஞ்சின் சத்தம் கேட்டால் பல்ப் எரியும் என்று காத்திருந்தவன். ஈப்போவில் பத்து வருஷம் சுவிட்சைத் தட்டியதும் வெளிச்சம் பார்த்ததில் அது என் மண்டையிலிருந்து கழன்றுவிட்டது.

அதற்குள் லயமே ஆறாம் நம்பர் வீட்டு வாசலில் கூடிவிட்டது. அக்காவின் மூங்கில் கம்பம் நிற்கிறது, பேட்டரி இருக்கிறது. படம் தொடங்கிவிட்டது. முகமே தெரியாத மழைப் படம்தான். ஆனால் பாட்டு கேட்கிறது. பெருமாளும் என்னை விட்டுவிட்டு அங்கே போய் நின்றுகொண்டார்.

"இதுக்கு எங்க எஸ்டேட்டு மூங்கிலே போதும்ணே" என்றார்.

4. இரண்டு பேட்டரி

இங்கேதான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறொருவனாக இருந்தால் வேனில் ஏறி ஓடியிருப்பான். நான் மனசுக்குள் பூஸ்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் பெரிய கரண்டை அது இருபத்து நாலு வோல்ட்டாகக் குறைக்கும். டிரான்சிஸ்டர்களுக்குத் தேவை அந்த இருபத்து நாலுதான். அப்படியானால் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி, இரண்டு கார் பேட்டரியை வரிசையாகக் கொடுத்தால் போதும்.

ஒன்று என் வேனில் இருந்தது. இன்னொன்றுக்குப் பெருமாளிடம் போனேன்.

"உங்க கார் பேட்டரியக் கழட்டணும்."

"ஆலாமா! நான் எப்படி வூட்டுக்குப் போறது?"

"படம் முடியிற வரைக்கும் ஏன் போறீங்க?"

கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டத்துக்கு நடுவில் ஒரு மண்டோரால் முடியாது என்று சொல்ல முடியாது. சாவியைக் கொடுத்தார்.

நானும் மாணிக்கமும் ஆளுக்கொரு பேட்டரியைத் தோளில் வைத்துக் குன்று ஏறினோம். ஆசிட் கசிந்து என் புதுச் சட்டையில் ஓட்டை விழுந்தது. ஐந்தாம் வகுப்பு படித்தவன் அந்தப் பெட்டியைப் பத்து நிமிஷத்தில் மாற்றிக் கட்டினான். பெட்டிக்கு உயிர் வந்தது. ஆனால் கீழே பேட்டரியோடு இருந்த டிவி ஒன்றே ஒன்று. அது யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இறங்கிவந்து, "அக்கா, உங்க ஏரியல் வயரக் கழட்டிட்டு என் கேபிளைச் சொருகணும்" என்றேன்.

அவர் டிவிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "கழட்டுனதும் இருக்கிறதும் போய்ட்டா?"

"போகாதுக்கா."

"அன்னிக்கும் இப்படித்தான் சொன்ன. பகல்ல எப்படி ஓடும்னு கேட்டேன். என்னா சொன்ன?"

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருமாளும்தான்.

"டெக்னிக்கல் விஷயம்னு சொன்னேன்."

"அப்படின்னா என்னா?"

"எனக்குத் தெரியலன்னு அர்த்தம்க்கா."

அவர் நகர்ந்தார். கேபிளைச் சொருகினேன். மழை நின்றது. கதாநாயகியின் மூக்குத்தி தெரிந்தது. லயமே ஓ என்று கத்தியது. டிவியைத் தூக்கிக் கோயில் வாசல் மேடையில் வைத்து, கேபிளை நீட்டி, ஒரே டிவியில் அத்தனை பேரும் படம் பார்த்தார்கள்.

5. பெருமாளின் நிபந்தனை

படம் முடிந்து, பேட்டரியைத் திரும்பக் காரில் மாட்டும்போது பெருமாள் சொன்னார்: "படம் நல்லா இருக்குண்ணே. எங்க எஸ்டேட்டுலயும் போட்டுருங்க. ஆனா வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னால அந்த அக்காவ ஒரு நாளு அழைச்சிக்கிட்டு வாங்க. அவங்க கேக்குறதக் கேக்கட்டும்."

என் மானம் போனது. இருந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை அக்காவை வேனில் முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போனேன். அவர் அந்த லயத்தில் நடந்துகொண்டே கேட்டார். எஞ்சின் எத்தனை மணிக்கு நிற்கும்? சாவி யாரிடம்? கோயிலில் மைக் செட் போட்டால் வீட்டு பல்ப் மங்குமா? மங்கும் என்றார்கள். மங்கினால் என் பூஸ்டரும் படுத்துவிடும். அது எனக்குத் தோன்றவே இல்லை. அன்றே பூஸ்டருக்குப் பக்கத்தில் இரண்டு பேட்டரி நிரந்தரமாக வைப்பது என்று முடிவு செய்தேன். அக்காவின் எஸ்டேட்டிலும் அப்படியே மாற்றினேன். வீட்டுக்கு ஒரு பேட்டரியும் என் செலவில் திருப்பிக் கொடுத்தேன். பிறகு நான் போட்ட ஒவ்வொரு லயத்துக்கும் அக்கா ஒரு ஞாயிறு வந்தார். அப்படி ஒரு ஆளைக் கண்டுபிடித்ததும் நான்தான்.

எண்பதுகளில் வீடியோ கேசட் கடை வைத்தேன், மூழ்கியது. எலக்ட்ரானிக் கடிகாரம் விற்றேன், அதுவும் மூழ்கியது. கம்ப்யூட்டர் தொழில்தான் நிலைத்தது. தெலுக் இந்தானில் ஒரு லாரி கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வைக்கும்முன், நான் ஒரு பகல் முழுக்க அவர்கள் ஆபீஸ் மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்னிடம் வேலை செய்த டிப்ளமாக்காரர்கள், கிழவன் தூங்கப் போயிருக்கிறான் என்று சிரித்தார்கள். சாயங்காலம் மழை வந்தது. மெஷின் வைக்கக் குறித்திருந்த மேசைமேல் கூரை ஒழுகியது.

பாடம் என்று கேட்டால் இவ்வளவுதான். நீங்கள் செய்ததை அவர்கள் எந்த நேரத்தில் போடுவார்களோ, அந்த நேரத்தில் அங்கே போய் உட்காருங்கள். என் கம்பெனியில் யாராவது ஒரு வாடிக்கையாளரிடம் "அது டெக்னிக்கல் விஷயம்" என்று சொல்வது காதில் விழுந்தால், நான் அந்த வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர் என்ன கேட்டார் என்று முதலில் விசாரிப்பேன்.