முன்னாடி ரெண்டுதான்

ஷோரூம் தரையில் குந்தி உட்கார்ந்து, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியைக் காரின் முன்பக்கச் சல்லடைக்குள் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் எங்கள் கீழ்வீட்டுப் பல் டாக்டர். "கொஞ்சம் எத்துப்பல்லா இருக்கே" என்கிறார். "சார், அது காத்து உள்ள போறதுக்கு" என்கிறார் விற்பனையாளர். "எல்லாரும் இப்படித்தாங்க ஏதாவது சொல்லுவாங்க. கம்பி போட்டுக்க மட்டும் வரமாட்டாங்க."

சனி, ஞாயிறுகளில் ஓட்டி விளையாட ஒரு ஸ்போர்ட்ஸ் கார். ஆசை அவ்வளவுதான். வாரநாட்களுக்கு வெள்ளைக் கார் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பேச நேர்ந்தால், பொய்ப்பல்லைப் பற்றிப் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஆனால் தேர்ந்தெடுக்கத்தான் முடிவதில்லை. ஒன்றின் வேகம் பிடித்தால் சத்தம் பிடிக்காது: "தும்மல் வந்து வராம போற மாதிரி இருக்கு." சத்தம் பிடித்தால் கதவு பிடிக்காது. நள்ளிரவு நீலமா, சிவப்பா என்று மாடிப்படியில் என்னை மறித்துக் கேட்பார். எனக்குப் பேருந்தில் சன்னலோரமா நடுவிலா என்று முடிவெடுக்கவே வியர்த்துவிடும்.

டாக்டரின் வீட்டம்மாவுக்குப் பொறுமை தீர்ந்தது. "இந்த சனிக்கிழமைக்குள்ள எடுத்தா எடுங்க. இல்லேன்னா கார்ங்கிற பேச்சே இனிமே இந்த வீட்டுல கூடாது." டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை நான் அவருடைய சிகிச்சை அறைக்கு வெளியே, என் முறை வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறந்திருந்த கதவு வழியே பார்த்தால், உள்ளே நாற்காலியில் சொத்தைப் பல்லை அடைத்துக்கொள்ள வந்த தபால்காரர் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தார். டாக்டர் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"முன்னாடி ரெண்டுதாம்மா. பின்னாடி ஒண்ணுமே கிடையாது... ஆமா, நல்லா சிவந்திருக்கு... இல்லம்மா, இன்னிக்கே எடுத்துடறேன். தள்ளிப்போட்டா அப்புறம் வருத்தப்படணும்."

தபால்காரர் வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு எழுந்தார். "ஐயோ டாக்டர், எடுக்காதீங்க! நான் பிள்ளகுட்டிக்காரன்!"

போனுக்குள்ளிருந்து வீட்டம்மாவின் குரல் வெளியே எனக்கே கேட்டது. "யாருங்க அது? பாத்தீங்களா, ஊர்ல இருக்கறவங்களுக்குக்கூடத் தெரியுது. உங்களுக்குத்தான் தெரியல."

டாக்டரின் முகம் செத்துவிட்டது. "ஏங்க, உங்க பல்லு இல்லீங்க. என் காரு! ரெண்டு சீட்டு காரு!"

"காரா?" தபால்காரருக்கு உயிர் திரும்பியது. அந்த நன்றியிலேயே போனைப் பிடுங்கிக்கொண்டார். "அம்மா, ஐயா தாராளமா எடுக்கட்டும்மா! பாவம்மா, அவருக்குக் கையெல்லாம் நடுங்குது. இந்தக் கையோட என் பல்லுல கை வெச்சாருன்னா..."

"எடுத்துத் தொலைக்கச் சொல்லுங்க" என்றார் வீட்டம்மா.

மாலையில் தெருவே அதிர்ந்தது. பால்கனிக்கு ஓடினேன். சிவப்பு நிறம், தரையோடு தரையாக. "என்னங்க, பாய் விரிச்சு உக்கார வெச்ச மாதிரி இருக்கு" என்று முனகிக்கொண்டே வீட்டம்மா உள்ளே இறங்கினார். டாக்டர் இடம் பார்த்தார், வலம் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் இடம் பார்த்தார். கார் புலிபோல் உறுமியது. உறுமியபடியே தெருமுனை நோக்கி ஊர்ந்தது. பின்னாலிருந்து ஒரு சைக்கிள் மணியடித்தது.

டாக்டர் சன்னல் வழியே கையை நீட்டி, முந்திப் போகும்படி சைக்கிள்காரருக்கு மரியாதையாக வழிகாட்டினார்.