எங்கள் காருக்குப் பாட்டு வந்த விதம்

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் ஒரு பழைய கார் வாங்கினோம். எங்களுக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டித் தேய்த்தது. என் கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அதே ரோட்டில் இன்னொரு கம்பெனியில், வண்டிகளுக்குள் போகும் வயர்களைச் சேர்த்துக் கட்டும் பிரிவில் வேலை பார்த்தேன். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் அதுவரை சக்கரம் வைத்த சொந்தப் பொருள் என்றால் சைக்கிள்தான். அதனால் கார் வந்த முதல் வாரம் அதைத் துடைப்பதற்கே எங்களுக்குள் போட்டி.

அதில் ரேடியோ இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. என் கணவர் வண்டி ஓட்டும்போது பேசமாட்டார். வீட்டிலும் அதிகம் பேசமாட்டார் என்பது வேறு விஷயம். ஓசூரிலிருந்து பாரூர் பக்கம் அவருடைய ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு போய் வந்தேன்.

"டேப் ஒண்ணு வெச்சிடலாங்க" என்றேன்.

"மொதல்ல டயரு மாத்தணும்" என்றார்.

போனஸ் வந்தது. டயர் பெரும்பங்கை விழுங்கியது. மிச்சம் இருந்ததை என் கையில் கொடுத்து, "இதுக்குள்ள என்னா வருதோ வாங்கிக்க. ஆனா கார்ல ஒரு எடத்துலயும் ஓட்ட போடக்கூடாது. பின்கண்ணாடி மறைக்கக்கூடாது" என்றார். இத்தனை வார்த்தைகளை அவர் ஒரே மூச்சில் சொன்னதே எனக்கு வெற்றி மாதிரி இருந்தது.

என் கணவரின் தங்கை அப்போதுதான் ஊரிலிருந்து வந்து கம்பெனி வேலையில் சேர்ந்து எங்களோடு தங்கியிருந்தாள். எதற்கெடுத்தாலும் சிரிப்பவள். இரண்டு பேருக்கும் லீவு ஒத்துவந்த ஒரு நாளில் பெங்களூருக்குப் பஸ் ஏறினோம். மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய எலக்ட்ரிக் சாமான் விற்கும் சந்து இருந்தது. அங்கே ஒரு கடைக்காரர் முதலில் எங்களுக்கு நான்கு ஸ்பீக்கர், தனி ஆம்ப்ளிஃபையர், பாட்டுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும் பச்சை விளக்கு எல்லாவற்றையும் ஒரு பேட்டரியில் மாட்டிப் போட்டுக் காட்டினார். என் புடவைத் தலைப்பு அதிர்ந்தது. நாங்கள் வாயைத் திறந்தபடி நின்றோம். விலையைச் சொன்னார். என் நாத்தனார் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டாள்.

கோபிக்கவில்லை அந்த மனிதர். எங்கள் செருப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து வேறொரு காரில் கழற்றிய டேப் ஒன்றை எடுத்து வைத்தார். அது முன்னால் மட்டும் ஓடும், பின்னால் ஓடாது. கூடவே முட்டை வடிவ ஸ்பீக்கர் இரண்டு. ஒன்றில் காகிதம் கிழிந்து பசை போட்டு ஒட்டியிருந்தது.

"நிமகெ இஷ்டு சாக்கு" என்றார். உங்களுக்கு இவ்வளவு போதும் என்று கன்னடத்தில் சொல்கிறார்.

"சாக்கு எதுக்குங்க, நாங்க பையி கொண்டாந்திருக்கோம்" என்றாள் நாத்தனார்.

நான் அர்த்தத்தைச் சொன்னதும் அவள் தெருவிலேயே குந்திக்கொண்டு சிரித்தாள். கடைக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் விலையை இன்னும் கொஞ்சம் இறக்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் ஆளுக்கொரு ஸ்பீக்கரை மடியில் வைத்திருந்தோம். கர்நாடக பஸ். டிக்கெட்டில் ஓட்டை போடும் இடுக்கியோடு வந்த கண்டக்டர் காசு வாங்க என் மடிப்பக்கம் கையை நீட்டினார். இடுக்கி டக்கென்று போய் ஸ்பீக்கர் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன்.

"ஏனம்மா இது?" என்றார். என்னம்மா இது என்று கன்னடத்தில் கேட்கிறார்.

"பாட்டுங்க" என்றாள் என் நாத்தனார்.

காரில் ஓட்டை போடக்கூடாது என்று ஆகிவிட்டதால், ஸ்பீக்கரை வைக்க ஒரு பெட்டி வேண்டியிருந்தது. பின் சீட்டுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே பலகை மாதிரி ஓர் இடம் உண்டே, அங்கே உட்காரும்படி நீளமாக, உயரம் குறைவாக. ராயக்கோட்டை ரோட்டில் தெலுங்கு பேசும் தச்சர் ஒருவர் இருந்தார். தக்காளிப் பெட்டிப் பலகை மலிவாக இருக்குமே என்று கேட்டேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்த பெட்டிகளை உடைத்து கம்பெனிகள் விற்கும் மரம் ஒன்றை விரலால் தட்டி, "இதி மஞ்சி கட்ட" என்றார். நல்ல மரம்தான். அதில் அச்சடித்திருந்த குடைப்படமும் மேல்நோக்கிய அம்புக்குறியும் அப்படியே இருக்க, பெட்டி செய்து கொடுத்தார். உள்ளே எங்கள் வீட்டுத் தலையணை ஒன்றின் இலவம்பஞ்சைப் பிரித்து அடைத்தேன்.

வயரிங் என் வேலை. கம்பெனி கேட்டில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். ஒரு துண்டு வயர் வெளியே வராது. ஆனால் கை பழகிய வேலையை எந்த வாட்ச்மேன் பிடுங்கி வைக்கமுடியும்? கடையில் வாங்கிய வயரை அளந்து வெட்டி, முனை சீவி, ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். ரேடியோ ஓட்டைக்குள் நுழையாத டேப்பை முன்பலகைக்கு அடியில் கம்பியால் தொங்கவிட்டேன். பெட்டியை வார் போட்டுக் கட்டினேன். மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டோம். பட்டனை அழுத்தினேன்.

தகர டப்பாவுக்குள் ஒருவரை அடைத்துப் பாடவிட்ட மாதிரி இருந்தது. தபலா என்று ஒன்று வாசிக்கிறார்களா என்றே தெரியவில்லை. கணவர் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். பாட்டுக்குள் ஒரு கொசு புகுந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கொசு உச்சஸ்தாயிக்குப் போனது.

நான் பட்டனை அணைத்தேன்.

"டயரு நல்லா இருக்குது" என்றார் அவர்.

மறுநாள் கேன்டீனில் எங்கள் கம்பெனி எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். மதுரைப் பக்கத்துக்காரர். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "ரெண்டு ஸ்பீக்கரும் ஒண்ணா முன்னுக்குத் தள்ளணும்மா. ஒண்ணு தள்ள, ஒண்ணு இழுத்தா தபலா எப்படிக் கேக்கும்? டார்ச் செல்லு ஒண்ண எடுத்து வயர் முனையில வச்சுப் பாருங்க, தெரியும். டேப்புக்குக் கரண்டு நேரா பேட்டரியில இருந்து எடுங்க. அந்த இரைச்சலும் போயிரும்."

அன்று மாலை யூனிஃபாரத்தைக்கூட மாற்றாமல் காருக்குள் புகுந்தேன். டார்ச் செல்லை ஒரு ஸ்பீக்கரின் வயரில் வைத்தேன். காகிதம் லேசாக வெளியே வந்தது. அதே பக்கமாக அடுத்ததில் வைத்தேன். உள்ளே போனது. வயர் கட்டுவதையே பிழைப்பாக வைத்திருக்கிற நான், ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு வயரையும் மாற்றி வைத்திருக்கிறேன். வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. மாற்றிப் பற்றவைத்து, பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, பட்டனை அழுத்தினேன்.

தபலா என் விலா எலும்பில் வந்து இறங்கியது. பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. அதே கேசட், அதே கிழிந்த ஸ்பீக்கர். என் நாத்தனார் சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். கணவர் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். எங்கள் வீட்டை நாங்கள் நான்கு தடவை கடந்து போனோம். நான்காவது தடவைதான் அடுப்பில் சாம்பார் இருப்பது ஞாபகம் வந்தது.

இரண்டு வாரம் கழித்து மாமியாரை ஊரில் விடவேண்டி வந்தது. கண் காட்டுவதற்காக வந்து எங்களோடு இருந்தார். அவருக்கு ஆறேழு வருடமாகக் காது சரியாகக் கேட்காது. பக்கத்தில் போய்க் கத்தினால்தான் உண்டு. அதனால் சண்டையிலும் சமாதானத்திலும் எங்கள் வீட்டில் ஒரே குரல்தான். காரில் பின் சீட்டில் மகளோடு உட்கார்ந்தவர், சூளகிரி வருவதற்குள் தூக்கம் சொக்கி, தலையைப் பின்னால் சாய்த்தார். தலை பெட்டியின் மேல் போய்ப் பட்டது.

சட்டென்று நிமிர்ந்தார். வெளியே பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடி மெல்லத் தலையைச் சாய்த்தார்.

"யாரு பாடறது?" என்றார்.

கணவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பி, "இப்ப?" என்று கையால் கேட்டார்.

"கேக்குது."

இன்னும் குறைத்தார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கேக்குதுடா. மண்டைக்குள்ள பாடறாங்க" என்றார் மாமியார். "எதுக்கு வண்டிய நிறுத்திட்ட? போ."

காதின் வழி அடைத்திருந்தாலும் எலும்பு வழியாகச் சத்தம் போகும் என்று பிறகு கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டர் விளக்கினார். அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. என் நாத்தனார் ஒரே நேரத்தில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். என் கணவர் நேராக ரோட்டைப் பார்த்தபடி, நான் அதுவரை கேட்டே இராத விதமாக, பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தார். சுருதி சேரவில்லை. ரொம்ப நன்றாக இருந்தது.

கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் மாமியாருக்கு ருசி பிறந்துவிட்டது. "இது வேணாம், இவன் அழுவறான்" என்றார். "அதுக்கு மொதல்ல வந்துதே, அந்தப் பொம்பள பாடனது, அதப் போடு." எங்கள் டேப் பின்னால் ஓடாது. கேசட்டை எடுத்து, திருப்பிப் போட்டு, முன்னால் ஓட்டி, மறுபடி எடுத்துத் திருப்பிப் போட்டு, குத்துமதிப்பாகப் பிடிக்கவேண்டும். அந்த ஒரு பாட்டை ஊர் போவதற்குள் ஆறு தடவை பிடித்தேன். ஏழாவது தடவை தவறிப்போனதற்கு எனக்குத் திட்டும் விழுந்தது.

வீட்டு வாசலில் வண்டி நின்றபிறகும் மாமியார் இறங்கவில்லை. "பாட்டு முடியட்டும்" என்றார். விஷயம் தெரிந்து ஓரகத்தி வந்தாள். கொழுந்தன் வந்தார். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் சேற்றுக்காலோடு வந்தார்கள். காது கேட்கிறவர்கள்கூட, தலையைப் பெட்டியில் சாய்த்துக் கேட்டால்தான் அது கணக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் இறங்க ஒருவர் ஏறினார்கள். மாமியார் மட்டும் தன் மூலையை யாருக்கும் விடவில்லை. "எங்க மருமக செஞ்சது" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் சொன்னார். என்னைப் பற்றி என் காதுபட அவர் நல்லதாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

சாயங்காலம் கிளம்பலாம் என்று சாவியைத் திருகினால் வண்டி முக்கக்கூட இல்லை. இஞ்சினை அணைத்துவிட்டு மத்தியானம் பூராவும் பாட்டுப் போட்டதில் பேட்டரி காலி. கணவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, மற்றவர்கள் எல்லோரும் பின்னால் கை வைத்தோம்.

"அம்மா, கீழ எறங்கும்மா" என்று நாத்தனார் கத்தினாள்.

"எனக்குத்தான் காது கேக்காதே" என்றார் மாமியார், கண்ணை மூடிக்கொண்டு.

அவரையும் சேர்த்துத்தான் தள்ளினோம். ஏரிக்கரை இறக்கத்தில் வண்டி நான்கு தடவை குலுங்கி, உறுமி, பற்றிக்கொண்டது. அதே நொடியில் பாட்டும் விட்ட இடத்திலிருந்து கிளம்பியது. தள்ளிய வேகத்தில் நிற்கமுடியாமல் பத்துப் பன்னிரண்டு பேரும் பின்னாலேயே ஓடினோம். என் நாத்தனாரின் ஒரு செருப்பு கால்வாயில் போனது. அவள் அதற்கும் சிரித்தாள். என் கணவர் நிறுத்தவில்லை. மாமியாரை வைத்துக்கொண்டு ஏரிக்கரை முனை வரைக்கும் போய், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துதான் நிறுத்தினார். இஞ்சினை மட்டும் அணைக்கவில்லை.