இரண்டிலும் வெள்ளைப் பூ

பூவாக்கு, சகுனம் எதையும் நான் நம்பியதில்லை. பி.யு.சி. வரை படித்தவள். நீங்களும் நம்பப் போவதில்லை, தெரியும். ஆனாலும் அந்தப் பொட்டலங்களைக் கட்டியது இந்தக் கைதான், அதனால் சொல்கிறேன்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ இருக்கும். மகளுக்கு மூன்று வயது. பிறர் லாரியை ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர், சொந்த வண்டிக்கு இரண்டு வருடமாக ஏங்கி, ராசிபுரத்தில் ஒரு பழைய லாரி விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, இன்ஜின் பார்க்க ஒரு மேஸ்திரியையும் ஆர்.சி. புக்கை வாசிக்க என்னையும் கூட்டிப் போனார். மகளும் கூட வந்தாள்.

மேஸ்திரி அடியில் படுத்துத் தட்டிப் பார்த்தார், ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்தார். "கல்லாட்டம் இருக்குதுங்க" என்றார். சேஸில் பொறித்த எண்ணைப் புத்தகத்தோடு மூன்று தடவை சரிபார்த்தேன். குறையே இல்லை. இடது கதவு மட்டும் புதுசு.

"இதை ஏனுங்க மாத்துனீங்க?"

"துருப்புடிச்சுப் போச்சு அம்மிணி" என்றார் தரகர்.

"கல்லில்லாத சோத்துலயும் கல்லுத் தேடுவாளுங்க இவ" என்றார் என் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தக் கதவை இன்னொரு தடவை திறந்து மூடிப் பார்த்தேன். அதில் ஏறி ஊர் ஊராகப் போகப் போகிறவர் அவர்தானே.

எங்கள் பக்கம் பெரிய காரியத்துக்குச் சாமியிடம் பூவாக்கு கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. குழந்தை எடுப்பது வெள்ளையானால் சரி, சிவப்பானால் வேண்டாம். அவர்கள் வெளியே பேசிக்கொண்டிருக்க, நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த பூக்களோடு லாரி கேபினில் உட்கார்ந்து பொட்டலம் கட்டினேன். காலையில்தான் "பயமா இருக்குதுங்க" என்று சொல்லியிருந்தேன். சிவப்பு வந்தால் என் வாய்தான் பலித்தது என்பார்கள், அவர் முகமும் செத்துப்போகும். அதனால் இரண்டிலுமே மும்மூன்று நந்தியாவட்டையை வைத்து, இலையைச் சுருட்டி, சேலை முந்தியில் உருவிய பச்சை நூலால் இரட்டை முடிச்சுப் போட்டேன். செவ்வரளி மூன்றையும் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

எதிரிலேயே மாரியம்மன் கோயில். "ஒண்ணை எடு சாமி" என்றார் பூசாரி. மகள் எடுத்தாள். பிரித்தார்.

செவ்வரளி. மூன்று. அதே பச்சை நூல், என் இரட்டை முடிச்சு.

"ஆத்தா வேண்டாங்குது. ஊட்டுக்குப் போலாம், வா" என்றார் என் கணவர். வாயைத் திறந்தால் நான் செய்த திருட்டைச் சொல்ல வேண்டும். மகளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

அந்த லாரியை வேறொருவர் வாங்கினார். அது கவிழவுமில்லை, மோதவுமில்லை. அதை வைத்தே அவர் மூன்று லாரிக்கு முதலாளியானார். என் கணவர் ஓட்டிய காலம் முழுக்க அடுத்தவர் வண்டியைத்தான் ஓட்டினார். "அன்னிக்கு வெள்ள மட்டும் வந்திருந்தா..." என்று இன்றும் சாப்பாட்டு நேரத்தில் சொல்வார். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாமி அவரைக் காப்பாற்றியதா, நான் அவரைக் கெடுத்தேனா, தெரியவில்லை.

அவரிடம் சொல்லாதது இன்னொன்றும் உண்டு. கிளம்பும்போது, கேபினில் விட்ட மகளின் செருப்பை எடுக்கச் சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். வாடாமல் மூன்று பூ கிடந்தன. மூன்றும் வெள்ளை.