கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவர்

யாருடைய கண்ணிலும் படப்போவதில்லை என்று தெரிந்தே ஒருவர் ஒரு வேலையை முழு மூச்சோடு செய்தால், அதை யாருக்காகச் செய்கிறார்? ஹைரம் பெல்க்கோடு ஹாலிவுட் தளங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தேன். இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "உனக்கு வேற வேலையே இல்லையா ஐடா?" என்றிருப்பார்.

நான் ஸ்கிரிப்ட் கிளார்க். கேமராவுக்கு அடியில் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கதாநாயகன் எந்தக் கையில் கோப்பையைப் பிடித்தான், எந்தச் சொல்லில் தொப்பியைக் கழற்றினான் என்று குறித்துக்கொள்வது என் வேலை.

ஹைரம் நெப்ராஸ்காவில் கூடார நாடகக் குழு ஒன்றில் வளர்ந்தவர். பத்தொன்பது வயதிலேயே கிழவன் வேடம் கட்டினார். குழுவில் இருந்த ஒரே கிழவர் பல்வலியால் படுத்துவிட்டாராம். அதற்குப் பிறகு இளைஞனாக நடிக்க யாரும் அவரைக் கூப்பிடவில்லை. படங்கள் பேசத் தொடங்கியபின், 1931இல், ஒரு தகரப் பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தார். பெட்டிக்குள் நான்கு தொப்பிகள், மூன்று மூக்குக் கண்ணாடிகள், ஒரு பாதிரியார் கழுத்துப்பட்டை. எங்கள் ஸ்டுடியோவில் ஓட்டல் எழுத்தராக, நீதிபதியாக, தந்தி ஆபீஸ்காரராக, சவப்பெட்டிக் கடைக்காரராக ஏறக்குறைய இருநூறு படங்களில் வந்து போனார். பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் வரமாட்டார்.

தெருவில் ஜனங்கள் அவரை நிறுத்துவார்கள். ஒருமுறை டிராம் நிறுத்தத்தில் ஒரு பெண்மணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எங்க ஊர் மருந்துக்கடைக்காரர்தானே?" என்றார்.

"இல்லம்மா. சவப்பெட்டிக்காரன். அளவெடுத்துக்கட்டுமா?"

அவர் மாபெரும் நடிகர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு இரண்டே குரல்கள்தான் இருந்தன. காதலைப் பற்றி ஒரு வரி பேச நேர்ந்தால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகுவார். ஆனால் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பதில் அவருக்கு ஈடாக நான் வேறு யாரையும் பார்த்ததில்லை.

அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். இருவர் பேசும் காட்சியை முதலில் இருவரையும் சேர்த்து எடுப்போம். பிறகு ஒவ்வொருவர் முகத்தையும் தனியாக, கிட்டத்தில். ஒருவர் முகத்தை எடுக்கும்போது மற்றவர் லென்ஸுக்குப் பக்கத்தில் நின்று தன் வசனத்தைச் சொல்ல வேண்டும். அவர் படத்தில் தெரியமாட்டார். எப்போதும் நட்சத்திரத்தின் முகத்தைத்தான் முதலில் எடுப்போம். அது முடிந்ததும் நட்சத்திரம் கிளம்பிவிடுவார். அடுத்துச் சின்ன நடிகரின் முகம் வரும்போது, நட்சத்திரத்தின் வசனத்தை நான் வாசிப்பேன். உணர்ச்சி இல்லாமல், மளிகைப் பட்டியல் படிப்பதுபோல வாசிக்க வேண்டும் என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். அதை யாரும் அவமரியாதையாக நினைத்ததில்லை. தளத்துச் சுவரில் தொங்கிய புகைபிடிக்காதே பலகைபோல அதுவும் ஒரு வழக்கமாக இருந்தது.

மற்ற சின்ன நடிகர்கள் லென்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் காப்பியோடு வசனத்தை ஒப்பிப்பார்கள். ஹைரம் ஒட்டுத்தாடி, அங்கி, பூட்ஸ் எல்லாவற்றோடும் நிற்பார். அழ வேண்டிய இடத்தில் அழுவார். ஒரு நடிகை, "எதுக்கு இப்படி அழறீங்க? உங்களை யாரும் எடுக்கலையே?" என்று சிரித்தாள்.

"உங்களை எடுக்கறாங்களே," என்றார் ஹைரம்.

1947 பிப்ரவரியில் அவருக்கு ஒரு காட்சி கிடைத்தது. குதிரையும் துப்பாக்கியும் உள்ள படம். கதாநாயகன் கிளின்ட் வாரிக், அப்போது எங்கள் ஸ்டுடியோவின் பெரிய பெயர். ஹைரம் ஒரு சின்ன ரயில் நிலையத்தின் அதிகாரி. தன் மகனைச் சுட்டுக் கொன்ற மார்ஷல்தான், அதாவது வாரிக் நடிக்கும் காவல் அதிகாரிதான், எதிரில் டிக்கெட் கேட்டு நிற்கிறான் என்று கிழவருக்குத் தெரியவரும் இடம். மூன்று பக்க வசனம். எட்டு ஆண்டுகளில் அவர் முகத்துக்குக் கிட்டத்தில் கேமரா வரப்போவது அதுதான் முதல் தடவை.

அதே வாரம் சனிக்கிழமை ஒப்பந்தப் பட்டியல் வெளியாக இருந்தது. யாரை இன்னொரு வருஷம் வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதைத் தயாரிப்பு மேலாளர் கிராடி எழுதுவார். ஹைரமுக்கு வயது ஐம்பத்தெட்டு. வெளியே போனால் தினக்கூலி நடிகராகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் காத்திருக்க வேண்டியதுதான். இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை காலை முழுவதும் வாரிக்கின் முகம். ஒன்பது மணியிலிருந்து பதினான்கு தடவை எடுத்தோம். பதினான்கு தடவையும் ஹைரம் லென்ஸை ஒட்டி நின்று, "அவனைச் சுட்டப்ப அவன் தலையில தொப்பி இருந்துச்சா? வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் மறந்துடுவான்" என்று கேட்டார். முதல் தடவை கேட்டபோது எப்படி இருந்ததோ, பதினான்காவது தடவையும் அப்படியே இருந்தது. வாரிக்கின் கண் கலங்கியது அந்தக் கடைசித் தடவையில்தான். இயக்குநர் டோலன் கைதட்டினார். உதவி இயக்குநர் வழக்கப்படி வாரிக்கை அனுப்பிவிட்டார். வாரிக் குதிரைப் பந்தயத்துக்குக் கிளம்பிப் போனார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஹைரமின் முகத்தை எடுக்க விளக்குகளைத் திருப்பினார்கள். நான் ஸ்கிரிப்டை எடுத்துக்கொண்டு லென்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஹைரம் டிக்கெட் சன்னலுக்குப் பின்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஐடா, நீ போய் உக்காரு," என்றார். "அவர் வரட்டும்."

டோலன் நிமிர்ந்தார். "யார் வரட்டும்?"

"வாரிக். காலையில நான் அவருக்கு நின்னேன். இப்ப அவர் எனக்கு நிக்கட்டும்."

தளத்தில் ஒருவர் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்துவிட்டார். ஹைரம் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பும் நின்றது.

"என்ன பெரிசு, புதுசா ஆரம்பிக்கறே? பதினாறு வருஷமா ஐடாதானே வாசிக்கறா? நல்லாத்தானே வாசிக்கறா?" என்றார் டோலன்.

"நல்லா வாசிக்கறா. நான் அவ மேல குறை சொல்லலையே."

கால் மணி நேரத்தில் கிராடி வந்துவிட்டார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கத்தவும் இல்லை, கத்தாத கிராடியிடம்தான் எல்லோரும் பயப்படுவார்கள்.

"ஹைரம், சாயந்தரம் இந்தச் செட்டைப் பிரிக்கணும். நாளைக்கு இதே இடத்துல நடன அரங்கம் வருது. நீ இப்ப நடிக்கலேன்னா உன் முகமே வேண்டாம்னு விட்டுடுவேன். வாரிக் முகத்தை மட்டும் காட்டி, உன் குரலைப் பின்னாடி ஓட்டிக்குவேன். ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"சரி, விட்டுடுங்க."

"சனிக்கிழமை பட்டியல் வருது. தெரியுமில்ல?"

"தெரியும். பேனா உங்க கையிலதான் இருக்கு, எழுதிக்கோங்க. நான் இந்த முக்காலியை விட்டு எறங்கறதா இல்லை."

கிராடி டோலனைப் பார்த்தார். அந்த முகம் இல்லாமல் காட்சி நிற்காது என்று டோலனுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல்தான் இல்லை. ஷூவைப் பார்த்துக்கொண்டு, "எடுத்துட்டா நல்லதுதான்" என்று முனகினார். சரியாக அந்த நேரத்தில், மேலே பரணில் இருந்த விளக்குக்காரர் ஒருவர் குனிந்து கத்தினார்.

"பாஸ், இந்தப் பெரிய விளக்குல எரியற கார்பன் குச்சி தீஞ்சு போச்சு. மாத்தணும்."

"எவ்வளவு நேரம்?"

"எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

கார்பன் மாற்ற ஐந்து நிமிடம் போதும். தளத்தில் அது தெரியாதவர் யாருமில்லை. அது முடிந்ததும் இன்னொரு விளக்கு. பிறகு கேமராக்காரருக்கு லென்ஸில் தூசி தெரிந்தது. ஒலிப்பதிவாளருக்கு எங்கோ இரைச்சல் கேட்டது. யாரும் ஹைரமின் பக்கம் பார்க்கவில்லை. யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் ஒரு காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சக்கரை," என்றார்.

மூன்றரை மணிக்குக் கிராடி பந்தய மைதானத்துக்கு ஸ்டுடியோ காரை அனுப்பினார்.

வாரிக் ஐந்து மணி வாக்கில் வந்தார். மார்ஷல் உடுப்பை மறுபடி மாட்டி, பெல்ட்டைக் கட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தார். சண்டை வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் நேராக டிக்கெட் சன்னலுக்குப் போனார்.

"மிஸ்டர் பெல்க், சத்தியமா சொல்றேன், இப்படி நிக்கணும்னு எங்கிட்ட யாருமே சொன்னதில்லை."

அது உண்மைதான். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"பரவாயில்லை," என்றார் ஹைரம்.

வாரிக் லென்ஸுக்குப் பக்கத்தில், காலையில் ஹைரம் நின்ற அதே சுண்ணாம்புக் குறியில் நின்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். என்னிடம் ஸ்கிரிப்டை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பரணில் இருந்தவர்கள் எல்லோரும் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். விளக்குகள் திடீரென்று ஒரு குறையும் இல்லாமல் எரிந்தன. கிராடி கதவோரம் நின்றார். கையில் பேனா இல்லை. ஆனால் முடிவெடுத்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. சனிக்கிழமைப் பட்டியலில் ஹைரமின் பெயர் இல்லை. அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள், சாகும்வரை, அவர் தினக்கூலிக்குத்தான் நடித்தார். அந்த ஒன்பது ஆண்டுகளிலும் லென்ஸுக்குப் பக்கத்தில் தாடியோடும் பூட்ஸோடும்தான் நின்றார்.

டோலன், "தயாரா?" என்றார்.

ஹைரம் முக்காலியிலிருந்து எழுந்தார். சன்னல் கம்பிகளுக்கு இடையே வாரிக்கை நெடுநேரம் பார்த்தார். கோபம் தெரியவில்லை. வெற்றியும் தெரியவில்லை.

"ரொம்ப நன்றி மிஸ்டர் வாரிக். நீங்க கிளம்பலாம்."

"என்னது?"

"கிளம்பலாம்னு சொன்னேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஐடா, நீ வந்து வாசி. எப்பவும் வாசிக்கற மாதிரியே."

வாரிக் அந்தக் குறியை விட்டு விலகினார். நான் போய் அதில் நின்றேன். ஒரே தடவையில் எடுத்து முடித்தோம்.

வாரிக் வந்து அந்தக் குறியில் நின்றதே அவருக்குப் போதுமானதாக இருந்ததோ என்னவோ. ஏன் அப்படிச் செய்தார் என்று அவர் கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை.